நடுநிலையாரும் மூன்று கம்பெனிகளும்

நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பட்டப்பெயர் ஏற்கெனவே அவரோடு ஒட்டிவிட்டிருந்தது. நடுநிலை. அவருடைய யூடியூப் சேனலைப் பார்க்கிறவர்கள் வைத்தது. பாராட்டி வைத்த பெயர் இல்லை. டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டிகளை, அதாவது கன்சோல்களைச் செய்து விற்கிற பெரிய கம்பெனிகள் மூன்று. அவற்றில் எது என்ன செய்கிறது, ஏன் செய்கிறது, அது பலிக்குமா கவிழுமா என்று கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து கருத்துச் சொல்வதுதான் அவர் தொழில். ஒரு கம்பெனியை மெச்சிப் பேசினால் போதும், மற்ற இரண்டின் ரசிகர்களும் 'எவ்வளவு வாங்கினே?' என்று கீழே எழுதுவார்கள். "நான் நடுநிலையாத்தாங்க பேசறேன்" என்று ஒருமுறை கும்பிடாத குறையாகச் சொன்னார். அதையே பெயராக்கிவிட்டார்கள். பிறகு கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கடைசியில் அவர் மனைவி உட்பட எல்லாருக்கும் அவர் நடுநிலைதான்.

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கம்தான் இடி. எனக்கு மூணு பக்கம்" என்பார்.

கம்பெனிப் பெயரைச் சொன்னாலே சண்டை மூள்கிறது என்று மூன்றையும் அவர் அண்ணன் தம்பிகளாக்கி வைத்திருந்தார். மூத்தவன், நடுவுள்ளவன், கடைக்குட்டி. மூத்தவன் கையில் காசு உள்ளவன். யார் நல்ல கேம் செய்தாலும் வளைத்துப் போட்டு, இது என் பெட்டியில் மட்டும்தான் ஓடும் என்பான். நடுவுள்ளவன் பெட்டியை லாபமில்லாமல் தள்ளிவிட்டு மாதச் சந்தாவில் பிடிப்பான். "அடுப்பைச் சும்மா குடுத்துட்டு விறகை விக்கிறவன்" என்று அவனுக்கு விளக்கம் சொல்வார். கடைக்குட்டி இந்தப் போட்டிக்கே வரமாட்டான். அண்ணன்கள் இருவரும் முட்டிக்கொண்டு நிற்கையில் ஓரமாக நடந்து கல்லாவை நிரப்பிக்கொள்வான்.

நான் அவர் பேசியதை வெட்டி ஒட்டி வீடியோவாக்கித் தருகிறவள். என்னை 'எடிட்டரம்மா' என்பார். அவருடைய பேச்சில் நான் அதிகம் வெட்டியது பெருமூச்சுகளைத்தான். ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஒரு மூச்சு. 'விலையைக் குறைச்சா என்ன ஆகும்?' என்று அவரே கேட்டுவிட்டுப் பதில் சொல்லுமுன் இன்னொன்று. கேட்கிறவர்களுக்கு அவர் உற்சாகமான மனிதர். அந்த உற்சாகத்தில் பாதி என் கைவேலை.

வீட்டின் பின்னறைதான் ஸ்டுடியோ. எதிரொலி வராமல் இருக்கச் சுவரோரம் இரண்டு மெத்தைகளை நிமிர்த்தி வைத்திருந்தார். மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்பதால் பேசும் நேரம் முழுக்க விசிறி ஓடாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். சட்டைக்குக் கீழே லுங்கி. அது கேமராவில் தெரியாது. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த அவர் மனைவி மாலையில் வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "மூணு தம்பிங்களும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "இவர் அவங்களைப் பத்தி இவ்வளவு கவலைப்படறாரே, அந்த மூணு கம்பெனியும் சேர்ந்து எங்க வீட்டுக் குழாய் ஒழுகறதைப் பத்தி ஒரு நிமிஷமாவது யோசிக்குமா?"

அவர் இந்த வழிக்கு வந்தது அக்கா புருஷனால். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள வணிக வளாகத்தின் தரைக்கீழ்த் தளத்தில் அத்தானுக்கு ஒரு கேம் கடை. கேம் சிடிகளை வாடகைக்குக் கொடுப்பது, விளையாடி முடித்த சிடியை வாங்கி அடுத்தவருக்கு விற்பது, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுப்பது. படிக்கிற காலத்தில் இவர் அந்தக் கடையே கதியென்று கிடந்தார். விளையாடியதைவிட வேடிக்கை பார்த்தது அதிகம். எந்தப் பெட்டி நகர்கிறது, எது தூசி தின்கிறது, ஏன் ஒரு கம்பெனி அடிமாட்டு விலைக்கு இறங்குகிறது என்பதெல்லாம் அங்கே கேட்டுக் கேட்டு ஊறியது. பிறகு ஒரு பத்திரிகையில் எழுதினார். பத்திரிகை நின்றது. இணையதளத்தில் எழுதினார். அதுவும் படுத்தது. கடைசியில் சொந்தச் சேனல்.

மூத்தவன் தன் கையடக்கக் கன்சோலைக் கைவிடப் போகிறான் என்று ஆரம்ப நாட்களில் ஒரு வீடியோவில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மூத்தவன் கைவிட்டான். அதோடு இவருக்குப் பேர் வந்தது, நிம்மதி போனது. "ஒரு தடவை குறி பலிச்சுட்டா ஆயுசுக்கும் குறி சொல்லணும் எடிட்டரம்மா. தெரியலைன்னு சொன்னா விட மாட்டாங்க" என்பார். தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்வதில்தான் அவர் களைத்துப் போனார் என்று எனக்குப் படும்.

நடுவுள்ளவன் ஒருநாள் அறிவித்தான்: அடுத்து வரும் பெட்டியில் சிடி போடும் வாயே இருக்காது. எல்லா கேமையும் இணையத்தில்தான் வாங்கி இறக்கிக்கொள்ள வேண்டும்.

அன்று பிற்பகலே பதிவு செய்தோம். நான் பார்த்ததில் அவர் தெளிவாகப் பேசிய நாட்களில் அது ஒன்று. மூச்சு வாங்கவில்லை. "இது புத்திசாலித்தனமான வியூகம்" என்று ஆரம்பித்தார். ஒரு சிடி கைமாறிக் கைமாறி ஐந்து பேர் விளையாடினால் கம்பெனிக்கு முதல் விற்பனையில்தான் வரும்படி. மற்ற நாலும் கடைக்காரனுக்கு. சிடியே இல்லையென்றால் ஐந்து பேரும் கம்பெனியிடம்தான் வர வேண்டும். அச்சடிக்கும் செலவு இல்லை, லாரிச் செலவு இல்லை, விலையை எப்போது ஏற்றுவது எப்போது இறக்குவது என்பதும் அவன் கையில். "நடுவுல நிக்கிறவனை எடுத்துட்டா நதி நேரா கடலுக்குப் போகும்" என்று முடித்தார். 'சிடிக்கு மூடுவிழா' என்ற தலைப்பையும் அவரே சொன்னார்.

அந்த வீடியோ தீயாகப் பரவியது. மூன்று கோஷ்டியும் பார்த்தது, மூன்று கோஷ்டியும் திட்டியது, திட்டிக்கொண்டே அடுத்தவருக்கு அனுப்பியது. இவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த வாரம் அவர் வீட்டில் குழாயும் சரியானது.

அடுத்த வாரம் பதிவின் நடுவில் அவர் போன் அடித்தது. அக்கா. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு "ம்... ம்..." என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு, "கடைக்குப் போகணும். கூட வர்றீங்களா? நான் மட்டும் போனா அடி கொஞ்சம் பலமா விழும்" என்றார். சிரிக்கவில்லை.

படியிறங்கும்போதே தெரிந்தது. கடை வாசலில் ஆட்கள் பைகளோடு நின்றார்கள். வாங்க வந்தவர்கள் அல்ல, விற்க வந்தவர்கள். விலை இறங்குமுன் கையில் இருப்பதைத் தள்ளிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவர் தன் போனில் அந்த வீடியோவை ஓடவிட்டு மேசைமேல் வைத்து, "சிடி கதை முடிஞ்சுதுன்னு உங்க மச்சானே சொல்றாரே, சீக்கிரம் பழைய விலைக்கே எடுத்துக்கோங்களேன்" என்று அத்தானிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதாவது, சிடிக்கு இனி மதிப்பில்லை, ஆனால் விலை மட்டும் குறையக் கூடாது என்று இரண்டு பக்கமும் ஒரே வாயால் வாதாடினார். நான் வெட்டி ஒட்டிய குரல் அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே உற்சாகமாக ஒலித்தது. நடுநிலையை நேரில் பார்த்ததும் ஹெல்மெட்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டு நழுவிவிட்டார்.

அத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இன்னைக்கு வாங்கறதா இல்லைங்க. அப்புறம் வாங்க" என்று கூட்டத்தை அனுப்பினார். அவர் பின்னால் அலமாரி நிறைய சிடிகள், முதுகில் பெயர் தெரிய நெருக்கி அடுக்கியவை. அக்கா அலமாரியில் சாய்ந்து நின்றிருந்தார்.

"வா மச்சான். எடிட்டரம்மா, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோங்க" என்றார் அத்தான்.

"உட்கார்ந்து பேச என்ன இருக்கு?" என்றார் அக்கா. தம்பியைப் பார்த்து, "ஏன்டா, உண்மையைச் சொல்றதுக்கு உனக்கு வேற விஷயமே கிடைக்கலையா?"

"நான் கம்பெனியைப் பத்தித்தானேக்கா சொன்னேன். நம்ம கடையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே."

"குளத்துத் தண்ணியை இறைக்கறது புத்திசாலித்தனம்னு சொல்லிட்டு, மீனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலைங்கறே."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்டூலைப் பார்த்தேன்.

"விடு" என்றார் அத்தான் அக்காவிடம். "அவன் சொன்னதுல தப்பு இல்ல. எனக்கே தெரியும். இந்தக் கடை இன்னும் கொஞ்ச நாள்னு ரொம்ப நாளாத் தெரியும்."

"தெரிஞ்சா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பூட்டணும். நானே எதுக்கு அவசரப்படணும்?" என்று சிரித்தார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. அதைச் சொல்லும்போது உனக்குக் கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு, இல்ல?"

"எதை அத்தான்?"

"நடுவுல நிக்கிறவனை எடுத்துட்டான்னு சொன்னியே, அதை. முகத்துல தெரிஞ்சுது. கெட்ட எண்ணம்னு சொல்லல. கணக்கு சரியா வந்தா வாத்தியாருக்கு ஒரு சந்தோஷம் வருமே, அது. நீ அப்போ அவங்க கம்பெனில ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தே. நாங்க இங்க இருந்தோம்."

மேலே பேருந்து ஒன்று கிளம்பும் அதிர்வில் சிடி உறைகள் லேசாகக் கிலுகிலுத்தன. ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது நடுநிலை, "சந்தோஷமாத்தான் இருந்துச்சு" என்றார்.

அதன்பின் சில நாட்கள் பதிவு எதுவும் நடக்கவில்லை. மெத்தைகள் சுவரில் சாய்ந்தபடி நின்றன. அவர் கட்டிலில் மல்லாந்து கிடந்து ரசிகர்கள் எழுதுவதைப் படிப்பார். ஒளிந்துகொண்டான் என்றது ஒரு கோஷ்டி. நடுவுள்ளவன் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டான் என்றது இன்னொன்று. "பாருங்க, பாஸ்போர்ட் கூட இல்லாதவனை எங்கெல்லாம் அனுப்பறாங்க" என்று எனக்குக் காட்டினார்.

அப்போதுதான் நடுவுள்ளவனின் விளம்பர வேலையைப் பார்க்கும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். புதிய பெட்டியின் அறிமுக விழா, பெரிய ஹோட்டல், நீங்கள் அவசியம் வர வேண்டும், உங்கள் வீடியோ எங்கள் மேலதிகாரிக்கு மிகவும் பிடித்தது. அவருக்குப் போகப் பிடிக்கவில்லை, போகாமலிருக்கவும் தெரியவில்லை. இஸ்திரி போட்ட பேன்ட் அணிந்து கிளம்பினார். கேமராவோடு நானும் போனேன்.

மேடையில் இளைஞரான அதிகாரி ஒருவர் பேசினார். வாடிக்கையாளர்தான் எங்களுக்கு எல்லாம் என்றார். கேள்வி நேரம் வந்ததும் நடுநிலை எழுந்தார். "முன்னெல்லாம் ஒரு கேம் வாங்கினா அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம், விக்கலாம். இனிமே முடியாது. அப்படின்னா வாங்கினவங்க கையில என்ன மிச்சம்?"

"ரொம்ப நல்ல கேள்வி" என்றார் அதிகாரி. "அனுபவம்தான் மிச்சம்." அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கைதட்டல்கூடக் கேட்டது. இவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

இறங்கும்போது லிப்டில் எங்களோடு அந்த விளம்பரப் பெண்ணும் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மிச்சமான பரிசுப் பைகள். வேறு யாரும் இல்லை என்பதாலோ என்னவோ, சுவரில் சாய்ந்து காலணியை ஒரு காலிலிருந்து கழற்றிவிட்டு நின்றார்.

"உங்க கேள்வி நல்லா இருந்துச்சு சார். அவருக்குப் பதில் தெரியாது. எங்களுக்கு எழுதிக் குடுத்ததுலயும் அது இல்ல."

"பரவாயில்லைங்க. உங்களுக்கும் ரொம்ப அலைச்சல் போல."

"இன்னையோட முடியுது. எங்க டீம்ல பாதிப் பேரை வேலையை விட்டு எடுக்கறாங்க, என்னையும் சேர்த்து. ஃபங்ஷன் முடியட்டும்னு வச்சிருந்தாங்க." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கதவு திறந்ததும் காலணியை மாட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு வெளியே போனார்.

வண்டி நிறுத்துமிடத்தில் நடுநிலை நின்றுவிட்டார். "எடிட்டரம்மா, அந்தப் பொண்ணு அப்படிச் சொன்னதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அதுக்கும் எனக்குள்ள ஒரு காரணம் தயாரா இருந்துச்சு. செலவு குறையும், பங்கு விலை ஏறும், சரியான நேரம்னு. வாய் வரைக்கும் வந்துடுச்சு."

மறுநாள் காலை வரச் சொன்னார். குறிப்பு எதுவும் எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினார். அதிலிருந்து கொஞ்சம் இங்கே:

"அந்த நடுவுள்ளவன் செஞ்சது சரியான வியூகம்னு சொன்னேன். இப்பவும் சரிதான். யாருக்குச் சரின்னு சொல்லாம விட்டுட்டேன். மூத்தவன் ஜெயிச்சான், கடைக்குட்டி முந்திட்டான்னு நாம அடிச்சுக்கறோம். அவன் லாபம் ஏறினா நம்ம வீட்டுக்கு விருந்து வருதா? நாமெல்லாம் அவங்க முதலாளி மாதிரியே யோசிச்சுப் பழகிட்டோம். நாம வாங்கறவங்க. விலை ஏறினா குறையச் சொல்லணும். பொருள் உடைஞ்சா மாத்திக் குடுன்னு கேக்கணும். அதை விட்டுட்டு, விலை ஏத்தினது எப்படி நியாயம்னு நானே உங்களுக்கு விளக்கம் சொல்லிட்டு இருந்தேன். மூணு பேரும் போட்டி போடற வரைக்கும்தான் நமக்கு மரியாதை. எவன் ஒருத்தன் முழுசா ஜெயிச்சாலும் அன்னைக்கு நாம தோத்தோம். எனக்குத் தெரிஞ்ச கருத்து இவ்வளவுதான்."

இதில் நான் எதையும் வெட்டவில்லை. வெட்டும்படி அவரும் சொல்லவில்லை.

வீடியோ படுத்துவிட்டது. வழக்கமாகப் பார்க்கிறவர்களில் கொஞ்சம் பேர்தான் பார்த்தார்கள். பார்த்தவர்களும் பாதியில் போய்விட்டார்கள். 'அப்போ எந்தப் பெட்டி வாங்கறதுன்னு சொல்லாம எதுக்கு இந்தப் பிரசங்கம்?' என்று ஒருவர். 'இப்போ கடைக்காரங்க காசு குடுத்துட்டாங்க' என்று இன்னொருவர். இவர் அதைப் படித்துவிட்டு, "எங்க அத்தான் டீ வாங்கிக் குடுக்கறதுக்கே யோசிப்பாரு" என்றார்.

அக்கா கூப்பிட்டார். "முழுசும் பார்த்தேன்" என்றார். இவர் காத்திருந்தார். "மூஞ்சியைக் கழுவிட்டு உட்காரக் கூடாதா? ஏதோ ஆஸ்பத்திரில இருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கே. சாப்பிடறியா இல்லையா?" அவ்வளவுதான் பேச்சு. அன்று அவர் மனைவியிடம், "அக்கா பேசிட்டா" என்று அந்தச் செய்தியை வெவ்வேறு சாக்கில் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

இதனால் கடை பிழைத்துவிட்டதா என்றால், இல்லை. அத்தான் தானாகவே முடிவெடுத்தார். சிடிகளை மொத்தமாக ஒரு பழைய பொருள் வியாபாரிக்குத் தள்ளிவிட்டு, "எனக்கும் அலுத்துப் போச்சு" என்று வீட்டில் உட்கார்ந்தார். ஆனால் உட்காரத் தெரியவில்லை. அக்காவின் சமையலறையில் எதை எங்கே வைக்க வேண்டும் என்று வியூகம் வகுக்க ஆரம்பித்துவிட்டார் மனிதர். "நீங்க கடைக்குப் போங்க, இல்லேன்னா நான் போறேன்" என்று அக்கா சொன்னபிறகு, அதே இடத்தில், கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலர்களைப் பழுது பார்க்கத் தொடங்கினார். பொத்தான் தேய்ந்தது, குச்சி தானாக ஒரு பக்கம் இழுப்பது, வயர் அறுந்தது. மூன்று கம்பெனியின் கன்ட்ரோலரும் உடையத்தான் செய்கிறது, அதில் பேதமில்லை. பெரிய வருமானம் என்று சொல்ல முடியாது. பழைய அலமாரி பாதி காலியாகவே நிற்கிறது. அதில் இப்போது அக்காவின் குடையும் டிபன் டப்பாவும் இருக்கின்றன. அக்காவும் மதியத்துக்கு மேல் வந்து உட்காருகிறார். கை நடுங்காமல் சின்னத் திருகாணி கழற்ற அவரால்தான் முடிகிறது.

நடுநிலை சேனலை மூடவில்லை. மூடுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும் என்றார். எப்போதாவது பேசுகிறார். வீட்டில் யார் விளையாடுவார்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று கேட்டு, இந்தப் பெட்டி போதும் என்றோ, எதுவும் வேண்டாம் என்றோ சொல்கிற சின்ன வீடியோக்கள். பார்ப்பவர்கள் குறைவு. எனக்கு அங்கே வேலையும் குறைந்துவிட்டது. இப்போது ஒரு சமையல் சேனலுக்கும் வெட்டி ஒட்டுகிறேன். பகலில் நடுநிலை அத்தான் கடையில் மேசைப் பக்கம் நிற்கிறார், கன்ட்ரோலரை வாங்கி வைக்கிறார், என்ன கோளாறு என்று கேட்கிறார்.

போன மாதம் கடைக்குட்டி திடீரென்று பெட்டி விலையைக் குறைத்தான். பெரிய செய்தி. எல்லாச் சேனலும் அலறிக்கொண்டிருந்தது. நான் பழக்க தோஷத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பின்னறையில், நிமிர்த்தி வைத்திருந்த மெத்தைகளில் ஒன்றைத் தரையில் போட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கதவுச் சத்தத்தில் ஒரு கண்ணைத் திறந்தார்.

"கடைக்குட்டி விலையைக் குறைச்சுட்டானாம்" என்றேன்.

"நல்லது" என்றார். "வாங்கறவங்களுக்கு நல்லது." புரண்டு படுத்தார்.

நான் கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு, சமையலறையில் அவர் மனைவி ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்தேன். வெளியே வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. அவரை எழுப்ப எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.